அறிந்த விசுவாசமும் உயிருள்ள விசுவாசமும்

சென்ற கிறிஸ்துமஸ் சமயத்தில் நமது சங்க மண்டபத்தில் நடந்த ஒன்றுகூடலில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மயிலாடுதுறைக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பிற சமயத்தார் விழாவென்றாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறவர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கூட்டத்துக்கு வர்றவங்க எல்லாருமே கிறிஸ்தவங்கதான். அவங்களைப் பாத்துப் பேசறவர் 'விசுவாசியுங்கள், விசுவாசியுங்கள்'னு சொல்றாரே. ஏற்கெனவே நம்பறவங்ககிட்ட நம்புங்கன்னு சொல்றது எதுக்கு?"

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. கையில் தட்டு வேறு. ஏதோ அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது கிறிஸ்தவ சமயத்தின் மிகப் பழைய கேள்வி. நண்பர் அதை அறியாமலே கேட்டிருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற அன்பர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் சபைகளில் நாங்கள் 'விசுவாசம்' என்கிறோம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நம்பிக்கை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. எந்தச் சொல்லானாலும் அது இரண்டு சுமைகளைச் சுமக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட நம் தமிழிலேயே அருமையான வழி இருக்கிறது. 'அவர் நல்லவர் என்று நம்புகிறேன்' என்று சொன்னால் அது என் அபிப்பிராயம். அதனால் எனக்கு ஒரு செலவும் இல்லை. 'அவரை நம்பித்தான் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன்' என்று சொன்னால் நான் எதையோ அவர் கையில் ஒப்படைத்துவிட்டேன் என்று பொருள். அவர் கைவிட்டால் எனக்குப் பெரிய நஷ்டம். 'என்று நம்புவது' ஒன்று, 'ஒருவரை நம்புவது' வேறொன்று.

நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'வந்து சேர், வேலைக்கு நான் பொறுப்பு' என்று சித்தப்பாவோ ஒன்றுவிட்ட அண்ணனோ எழுதிய ஒரு கார்டை வைத்துக்கொண்டு, மொழி தெரியாத ஊருக்கு டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறியவர்கள் நமக்குள் எத்தனை பேர்! கார்டைப் படித்தது அறிவு. 'அண்ணன் பொய் சொல்ல மாட்டார்' என்று தலையாட்டியது ஒப்புதல். ரயிலில் ஏறி உட்கார்ந்ததுதான் நம்பிக்கை. சீர்திருத்தச் சபைகளின் இறையியல் அறிஞர்களும் விசுவாசத்தை ஏறக்குறைய இப்படியே மூன்றாகப் பிரித்தார்கள்: அறிதல், ஒப்புக்கொள்ளுதல், சார்ந்திருத்தல். அவர்களுக்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கப் பேரறிஞர் தாமஸ் அக்குவினாஸ் அன்போடு சேர்ந்த விசுவாசத்தை உயிருள்ளதென்றும், அன்பு சேராததை உயிரற்றதென்றும் பிரித்தார். ஆகவே இது ஏதோ ஒரு சபைப் பிரிவாரின் தனிக் கொள்கை அல்ல. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் இன்னும் கடுமை. கடவுள் ஒருவரே என்பதைப் பேய்களும் நம்புகின்றன, நம்பி நடுங்குகின்றன என்று அது கேலியாகவே சுட்டிக்காட்டுகிறது. கொள்கையளவில் பேயின் நம்பிக்கையில் ஒரு பிழையும் இல்லை!

இதற்கு மேல் விளக்கமாகவே சொல்லிக்கொண்டு போனால் பிரசங்கம் ஆகிவிடும். இந்த வேறுபாட்டைத் தன் வாழ்நாளெல்லாம் சுமந்து பார்த்த ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். ஆங்கிலேயர், பெயர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் சபைகள் தோன்றக் காரணமானவர். மயிலாடுதுறை நண்பருக்காக ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கடற்கரையைத் தொட்டுவிட்டுப் போகிறது.

ஜெர்மனியில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூத்தரன் சபைகளில் ஒரு மனக்குறை எழுந்தது. உபதேசம் எல்லாம் சரியாக இருக்கிறது, மக்கள் ஞானோபதேசக் கேள்வி பதில்களைத் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் வாழ்க்கையில் அதன் சுவடே இல்லையே என்பதுதான் அது. ஸ்பேனர் என்ற குருவானவர் 1675இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அவர் வழியில் வந்த பிராங்கே என்பவர் ஹாலே நகரில் அனாதைச் சிறுவர் இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். அந்த ஹாலேயோடு தொடர்புடைய இரண்டு இளைஞர்கள், சீகன்பால்கு, புளூச்சோ என்பவர்கள், டென்மார்க் மன்னரின் ஆதரவில் கப்பலேறி 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்றதும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் நம்மில் பலர் அறிந்தவை. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1709இல் லண்டனில் புத்தகமாக வெளிவந்தன.

அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற கிராமத்துக் குருவானவர் வீட்டு அலமாரியில் இருந்தது. 1712ஆம் ஆண்டின் தொடக்கம். குருவானவர் வேலையாக லண்டன் போயிருந்தார். மனைவி சூசன்னா வெஸ்லி வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார். 19 குழந்தைகளைப் பெற்று, ஏறக்குறைய பாதிப் பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த தாய். மூத்த மகள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க, சூசன்னா வாசித்தார். தரங்கம்பாடிக்குப் போனவர்களைப் பற்றிய அந்தப் பக்கங்கள் அவரைப் பல நாள் தூங்கவிடவில்லை. நான் ஆணும் அல்ல, குருவும் அல்ல, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று நினைத்தார். ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை ஜாக்கியின் முறை. அந்த எட்டு வயது ஜாக்கிதான் ஜான் வெஸ்லி. இருபது ஆண்டு கழித்து, ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய படிப்பாளியாக இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை மாலைகளை நினைத்து அவர் தாய்க்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட வளர்ப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு. 1726இல் லிங்கன் கல்லூரியில் பதவி, 1728இல் குருப்பட்டம். கிரேக்கம் தெரியும், எபிரேயம் தெரியும். அறிவில் என்ன குறை? நடத்தையிலும் குறை சொல்ல முடியாது. தம்பி சார்லஸும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய குழுவில் புதன், வெள்ளிகளில் உபவாசம், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருத்தல், சிறைக்கைதிகளைப் பார்க்கப் போதல், ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, செலவுக்குப் போக மீதியையெல்லாம் தானம் என்று எல்லாம் ஒழுங்கு. மற்ற மாணவர்கள் கேலி செய்து வைத்த பெயர்களில் ஒன்றுதான் 'மெதடிஸ்ட்', முறைக்காரர்கள் என்பதுபோல.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெறும் வாய்ப்பேச்சுக்காரனையும் செயல்வீரனையும் ஒப்பிட்டு, செயல்தான் உயிருள்ள விசுவாசம் என்று சொல்லிவிடுவது எளிது. வெஸ்லியின் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அறிவும் இருந்தது, செயலும் இருந்தது, ஆனால் ஏதோ ஒன்று இல்லை. அது என்ன என்பது ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குத் தெரியவில்லை. நடுக்கடலில் தெரிந்தது.

1735 அக்டோபரில் அவர் அமெரிக்காவிலிருந்த ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கப்பலேறினார். அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கு நற்செய்தி சொல்ல வேண்டும் என்பது ஆசை. அதே கப்பலில் ஜெர்மானியர் 26 பேர் இருந்தார்கள். மொரேவியர் என்று அழைக்கப்பட்டவர்கள். சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்து, சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்தப் பிரபு யார் தெரியுமா? ஹாலேயில் பிராங்கேயின் பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனெரிகளின் செய்திகளை மாணவப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தவர். ஆக, ஹாலேயிலிருந்து புறப்பட்ட இரண்டு நூல்களில் ஒன்று தரங்கம்பாடியைச் சுற்றி எப்வொர்த் வீட்டுக்குள் வந்தது. மற்றொன்று இந்தக் கப்பலில் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் முடிச்சுப் போட்டுக்கொண்டன. வரலாறு சில சமயம் இப்படியும் பின்னுகிறது.

1736 ஜனவரி 25 மாலை. மொரேவியர் சங்கீதம் பாடி ஆராதனை தொடங்கியிருந்தார்கள். ஒரு பேரலை கப்பல்மேல் விழுந்து பெரிய பாயைக் கிழித்து, தளங்களுக்கிடையே தண்ணீரைக் கொட்டியது. கப்பலே மூழ்கிவிட்டது போலிருந்தது. ஆங்கிலேயர் அலறினார்கள். ஜெர்மானியர் பாட்டை நிறுத்தவில்லை. பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் பயமாக இல்லையா என்று விசாரித்தார். இல்லை என்றார் அவர். பெண்களும் குழந்தைகளுமா பயப்படவில்லை என்று கேட்டதற்கு, எங்கள் பெண்களும் குழந்தைகளும் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று அமைதியாகப் பதில் வந்தது. வெஸ்லிக்குத் தாம் அஞ்சியது தெரியும். மோட்சத்தைப் பற்றி அவர்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கலாம். சாவு எதிரே நின்றபோது தெரிந்தது கைகொடுக்கவில்லை.

கரை இறங்கியதும் ஸ்பாங்கன்பர்க் என்ற மொரேவியப் போதகரிடம் ஆலோசனை கேட்கப் போனார். அவரோ இவரைக் கேள்வி கேட்டார். இயேசு கிறிஸ்துவைத் தெரியுமா என்றார். அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. அது சரி, உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்காகவும் மரித்தார் என்று எதிர்பார்க்கிறேன் என்பதுபோல் ஏதோ சொல்லிச் சமாளித்தார். அந்தப் பதில் வெறும் வார்த்தைதானோ என்று அஞ்சுவதாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 'என்று நம்புகிறேன்' என்பதற்கும் 'அவரை நம்பி' என்பதற்கும் உள்ள தூரம் முழுவதும் அந்தச் சிறிய உரையாடலில் இருக்கிறது.

ஜார்ஜியாவில் எல்லாம் தோல்வி. விதிகளை இம்மியும் தளர்த்தாமல் பிடித்ததில் ஜனங்களின் வெறுப்பைத்தான் சம்பாதித்தார். விரும்பிய பெண் வேறொருவரை மணந்துகொண்டாள். பிறகு அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்து, வழக்கில் சிக்கி, 1737 டிசம்பரில் ஊரைவிட்டே கிளம்ப நேர்ந்தது. பிறரை மனந்திருப்பப் போனவன் தானே மனந்திரும்பவில்லையே என்று திரும்பும் வழியில் எழுதினார்.

லண்டனில் 1738 பிப்ரவரியில் பீட்டர் போலர் என்ற இளம் மொரேவியரைச் சந்தித்தார். வெஸ்லியைவிட ஒன்பது வயது இளையவர். அவரோடு பேசப் பேச, தமக்கு விசுவாசம் இல்லை என்பது வெஸ்லிக்கு உறுதியாயிற்று. அப்படியானால் பிரசங்கம் செய்வதை நிறுத்திவிடட்டுமா என்று நேர்மையாகக் கேட்டார். கூடாது என்றார் போலர். விசுவாசம் கிடைக்கும்வரை அதைப் பற்றிப் பிரசங்கியும், கிடைத்தபின் கிடைத்ததனால் பிரசங்கிப்பீர் என்பது அவர் சொன்னதன் கருத்து. இந்த யோசனை எனக்கு முதலில் ஏமாற்றுவேலையாகத்தான் பட்டது. இல்லாததை இருப்பதுபோல் பேசுவதா? ஆனால் வெஸ்லி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பார்த்தபின் என் எண்ணம் மாறிற்று. அவர் முதலில் போனது ஒரு மரண தண்டனைக் கைதியிடம். சாகும் தறுவாயில் மனந்திரும்புதல் என்பதெல்லாம் நடக்காத காரியம் என்று அதுவரை வாதித்துவந்தவர் அவர். தமக்கே சொந்தமாகாத ஒன்றை, தம் கொள்கைப்படி அது கிடைக்கவே முடியாத ஒருவனுக்கு, எடுத்துப் போய்க் கொடுத்தார். இது பாசாங்கு அல்ல. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது என்று ஒப்புக்கொண்டவனின் முதல் அடி.

1738 மே 24. அன்று மாலை ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரவு ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்குத் தம் உள்ளத்தில் இனந்தெரியாத ஒரு வெதுவெதுப்பை உணர்ந்ததாகவும், கிறிஸ்துவை மட்டுமே நம்பிச் சார்ந்துவிட்டதாகவும் குறித்திருக்கிறார். அவர் வாசித்துக் கேட்டதில் புதிய உபதேசம் ஒன்றும் இல்லை. அந்த முன்னுரையிலுள்ள கருத்துகள் அவருக்குத் தெரியாதவையும் அல்ல. உலகத்தின் பாவம் என்று அதுவரை சொன்னது அன்று 'என் பாவம்' ஆயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம். உடனே அவர் செய்த முதல் காரியம், தமக்குத் தீங்கு செய்தவர்களுக்காக ஜெபித்தது.

பெரும்பாலான பிரசங்கிமார் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எட்டே முக்கால் மணிக்கு விளக்கு ஏறிற்று, அதன்பின் இருளே இல்லை என்பதுபோல. அதனால் எத்தனை பேர் தங்களுக்கு அப்படி ஒரு 'எட்டே முக்கால்' வரவில்லையே என்று மனம் நொந்திருக்கிறார்கள்! வெஸ்லியின் நாட்குறிப்பை மேலே புரட்டினால் வேறு படம் தெரியும். அன்றிரவு வீடு திரும்பியதுமே சோதனைகள் அவரைச் சூழ்ந்தன. ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரியில், நான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதுகிறார். 1766இல், நாடே அறிந்த தலைவராக இருந்த காலத்தில், தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில், நான் கடவுளை நேசிக்கவில்லை, ஒருநாளும் நேசித்ததில்லை என்று சொல்கிறார். அந்தரங்கமான சில பகுதிகளைச் சுருக்கெழுத்தில் மறைத்து எழுதிய கடிதம் அது. ஆனால் அதே கடிதத்தில், வேலையை நிறுத்தப் போவதாக ஒரு வார்த்தை இல்லை. இன்னும் முனைந்து செய்ய வேண்டும் என்றே எழுதுகிறார். உணர்ச்சி வற்றிப்போன நாளிலும் அவர் தம் பாரத்தை வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை.

எனவே உயிருள்ள விசுவாசம் என்றால் பொங்கிவரும் உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தவறு. கூட்டத்தில் கண்ணீர்விட்டு அழுதவர் மறுநாள் காலை அலுவலகத்தில் பொய் பில் எழுதுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். உணர்ச்சி வரும், போகும். எதன்மேல் சாய்ந்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

இன்னொரு திருத்தமும் அவரே செய்தார். தமக்கு அமெரிக்காவில் விசுவாசமே இல்லை என்று எழுதிய இடத்தில், பிற்காலத்தில் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தார். அன்றைக்கும் எனக்கு வேலைக்காரனின் விசுவாசம் இருந்தது, மகனுடைய விசுவாசம்தான் இல்லை என்ற கருத்தில். இந்த அடிக்குறிப்பை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். வீட்டு வேலைக்காரர் எஜமானைப் பற்றி எல்லாம் அறிந்திருக்கலாம், சொன்னதை ஒழுங்காகச் செய்யலாம், ஆனால் தப்பு நடந்தால் வேலை போய்விடுமே என்ற பயம் அடிமனத்தில் இருக்கும். மகனுக்குத் திட்டு விழும், ஆனால் வீடு போகாது. ஆக்ஸ்ஃபோர்டில் வெஸ்லி நாலு மணிக்கு எழுந்ததும் உபவாசம் இருந்ததும் வேலை போய்விடக் கூடாதே என்ற கவலையில். பின்னாளிலும் அதே நாலு மணிக்குத்தான் எழுந்தார். எழுந்த காரணம் மாறியிருந்தது.

அவருக்குக் கற்றுக்கொடுத்த தாய்க்கே இது எழுபது வயதில்தான் நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1739இல், மருமகன் கையிலிருந்து திருவிருந்துக் கிண்ணத்தை வாங்கியபோது, கடவுள் தன்னை மன்னித்தார் என்பது முதல்முறையாக நெஞ்சில் பட்டது என்று சூசன்னா மகனிடம் சொன்னார். அதற்காக எப்வொர்த் சமையலறையில் அவர் கற்பித்த ஆண்டுகள் வீண் என்று யார் சொல்வார்கள்? நமது சங்கத்து ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் 247 எழுத்துகளையும் தவறில்லாமல் எழுதுகிறார்கள். ஊருக்குப் போனால் பாட்டியிடம் 'தண்ணி வேணும்' என்று கேட்க வாய் வருவதில்லை. அதனால் வகுப்பை மூடிவிடலாமா? எழுத்துத் தெரிந்த பிள்ளைக்கு ஒருநாள் பேச்சு வரும்போது கைகொடுக்க அந்த எழுத்து இருக்கும்.

இதன் மறுபக்கத்து ஆபத்தையும் வெஸ்லி சந்தித்தார். லண்டன் மொரேவியரில் சிலர், முழு விசுவாசம் வரும்வரை ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து எதுவும் வேண்டாம், சும்மா காத்திரு என்று போதிக்கத் தொடங்கினார்கள். தமக்கு வழிகாட்டிய கூட்டம் என்றும் பாராமல் 1740 ஜூலையில் வெஸ்லி அவர்களைவிட்டு விலகினார். காத்திருக்கும் இடம் சாப்பாட்டு மேசையாக இருக்கட்டுமே, ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பிறகு அவர் செய்தவற்றை விரிவாகச் சொல்ல இடமில்லை. கோவிலுக்கு வெளியே பிரசங்கிப்பது கிட்டத்தட்டப் பாவம் என்று நினைத்திருந்தவர், 1739 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலில் திறந்த வெளியில் நின்று பேசினார். கோவில் வாசலே மிதிக்காத சுரங்கத் தொழிலாளர்கள் கேட்க வந்தார்கள். லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகமும் கடன் நிதியும் தொடங்கினார். 1774இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்துப் புத்தகம் எழுதினார். 1791 மார்ச் 2 அன்று 87ஆம் வயதில் இறப்பதற்கு ஆறு நாள் முன், அடிமை முறைக்கு எதிராகப் போராடிய வில்பர்ஃபோர்சுக்குத் தைரியம் சொல்லிக் கடிதம் எழுதினார். அவர் வழிவந்த மிஷனெரிகள் 1814இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1817இல் சென்னைக்கும் வந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களுக்கு நூறு ஆண்டு கழித்து வந்த பதில் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதையெல்லாம் புத்தகம் படித்துத்தான் எழுதுகிறேன் என்று நண்பர் நினைக்கக்கூடும். அப்படியில்லை. என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் நாசரேத் பக்கத்துக்காரன். ஓய்வுநாள் பள்ளித் தேர்வுகளில் வருடம் தவறாமல் பரிசு வாங்கினவன். இந்த ஊருக்கு வந்தபின் நமது தமிழ்ச் சபையில் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தினேன். விசுவாசம் என்றால் என்ன என்று கேட்டால் அதிகாரம், வசனம் சகிதம் சொல்வேன். 1993இல் என் மகனுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நான் ஜெபிக்க முயன்றேன். வசனங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. பரீட்சை முடிந்தபின் கையில் மிஞ்சிய நோட்டுப்புத்தகம் போல இருந்தன. யாரிடம் பேசுகிறேன் என்பதே தெரியவில்லை.

தந்தி கிடைத்து ஊரிலிருந்து அம்மா வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிப்பு. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து, பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த கட்டிலில் பீகாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் குழந்தை. அதே நோய். நாலாம் நாள் இரவு அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. தகப்பனார் ஏதோ காகிதங்களுக்காக அலைந்துகொண்டிருக்க, அந்தத் தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா எங்கள் கட்டிலைவிட்டு எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். இவர் தமிழில் ஏதோ சொல்ல, அவள் தன் மொழியில் ஏதோ சொல்லி அழ, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்திருக்க வழியில்லை. நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை.

என் மகன் பிழைத்துக்கொண்டான். பிழைத்ததை வைத்து எதையும் நிரூபிக்க நான் துணியமாட்டேன். அடுத்த கட்டிலிலும் ஒரு தாய் வேண்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பல மாதம் கழித்து அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"பயம் இல்லாம இருக்குமால? பயந்துக்கிட்டேதான் அவர்ட்ட பேசிக்கிட்டு இருந்தேன்" என்றார்கள்.

வெஸ்லியின் கப்பலில் இருந்த ஜெர்மானியர் பயப்படவில்லை. என் அம்மா பயந்தார்கள். இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவைதான் என்று எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. மாற்கு எழுதின நற்செய்தியில் நோயாளி மகனோடு வந்த ஒரு தகப்பன், நம்புகிறேன் என்றும், என் அவநம்பிக்கை நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் கதறுகிறான். அவனை இயேசு, முதலில் நம்பிக்கையைச் சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை.

இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை மயிலாடுதுறை நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். தன் தாத்தா தேவாரம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார் என்றும், ஆனால் பாட்டி இறந்த அன்றுதான் அவர் அதைப் பாடக் கேட்டதாகவும் சொன்னார். பிறகு, "தரங்கம்பாடிக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன் சார். கோட்டையைச் சுத்திப் பாத்துட்டு, கடற்கரையில சுண்டல் வாங்கித் தின்னுட்டு வந்துடுவோம். அந்த சீகன்பால்கு கட்டின கோவில் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கோட்டைக்குப் போகும் அதே ராஜ வீதியில், 1718இல் கட்டியது, அவரை அடக்கம் செய்ததும் அதற்குள்ளேதான் என்று சொன்னேன். மே மாதம் லீவில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.